திருவோணம் ஆடுகிறது

திருவோணம் ஆடுகிறது என்ற செய்தி வந்த அன்றைக்கு ஆரல்வாய்மொழியில் பால் கிடைக்கவில்லை. எல்லாம் பாயசத்துக்குப் போய்விட்டது. விண்மீன் அளவை நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் நாற்பது குடும்பங்கள். நாற்பது வீட்டு அடுப்பிலும் உருளி ஏறியிருந்தது. யார் வீட்டுப் பாயசம் யார் வீட்டுக்குப் போகிறது என்றே தெரியாமல் தூக்குவாளிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அந்த ஊர்க் காற்றைப் பற்றித்தான் தெரியுமே, ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் வெடி கொளுத்தப் பார்த்து, தீக்குச்சி அணைந்து அணைந்து, கடைசியில் வாயாலேயே "டமார்" என்று கத்திவிட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவர் உண்டு. பெயர் தங்கப்பழம். அவருடைய மனைவி கோமதி திருவோணம் என்ற அந்த விண்மீனுக்குப் போயிருக்கிறாள்.

பகவதியின் அம்மாவும் போயிருக்கிறாள்.

திருவோணம் பதினேழு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. விண்மீன்களின் கணக்கில் அது பக்கத்துத் தெரு. மனுசக் கணக்கில், போனால் திரும்பி வராத இடம். நாற்பது பேர் போனார்கள். கப்பல் கிளம்பியபோது பகவதிக்கு ஆறு வயது, அம்மா மரகதத்துக்கு முப்பது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி அப்படிப் போவாளா என்று ஊர் அன்றைக்கும் பேசியது, இன்றைக்கும் பேசுகிறது. சித்தி வீட்டில் வளர்ந்த பகவதியும் அந்தக் கேள்வியை மனசுக்குள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். கோபமும் ஏக்கமும் ஒரே இடத்தில் கிடந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் போய், கடைசியில் அவள் விண்மீன் படிப்பு படித்து அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கப்பலின் ரேடியோ பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டது. உறங்கிக்கொண்டே போன அம்மாவுக்கு அங்கே இறங்கும்போது வயது அவ்வளவாக ஏறியிருக்காது. மகள்தான் தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, அம்மாவைவிட மூத்தவளாகிவிட்டாள். இனி எந்தக் காலத்திலாவது பார்த்துக்கொண்டால் யார் யாரைத் தூக்கி இடுப்பில் வைப்பது என்று நினைத்து அவள் தனியாகச் சிரித்ததுண்டு. சிரித்து முடித்ததும் அழுததும் உண்டு.

பாயசத்துக்குப் பிறகு தங்கப்பழத்துக்குத் தினமும் ஒரு வேலை. சாயங்காலமானால் நிலையத்து வாசலில் வந்து நிற்பார்.

"இன்னொரு மட்டம் சொல்லு மக்ளே. எனக்க கோமதி எப்பிடிச் சொல்லி அனுப்புதா?"

"எத்தன மட்டம் மாமா சொல்ல?"

"சொல்லு பிள்ளே. கேக்க நல்லாருக்கு."

பகவதி சொல்லுவாள். "திருவோணம் துடிக்கிற நட்சத்திரம் மாமா. நெஞ்சு மாதிரி விம்மும், அடங்கும். கூடவே வெளிச்சமும் இம்புட்டுப் போல கூடும், குறையும். கப்பல்ல கொண்டுபோன கண்ணாடிப் பாய் இருக்குல்லா, அத நட்சத்திரத்துக்கு முன்னால விரிச்சா, அதுவும் துடிப்போட சேந்து அசையும். ஒரு பக்கம் சாய்ச்சா நமக்குத் துடிப்பு பெருசாத் தெரியும். மறுபக்கம் சாய்ச்சா சின்னதாத் தெரியும். இப்பிடியே மெள்ளச் சாய்ச்சு மெள்ள நிமித்திக்கிட்டே இருந்தா, துடிப்பு கொஞ்ச நாளு பெருசாகும், கொஞ்ச நாளு சிறுசாகும். அதத்தான் ஆட்டம்னு சொல்லுகோம்."

"வேற சேதி ஒண்ணும் சொல்லப்பிடாதா? சொகமா இருக்கேன், சாப்பிட்டேன், அப்பிடி?"

"பெரிய பாய் மாமா. சட்டுன்னு திரும்பாது. ஒரு ஆட்டத்துக்கே மாசம் ஒண்ணரை ஆவும். வந்து சேந்தாச்சு, உயிரோட இருக்கோம், அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"எந்திரம் சொல்லுதோ என்னவோ."

"எந்திரத்துக்கிட்ட வேணும்னேதான் குடுக்கல. தினமும் ஒரு ஆளு போய் அந்தப் பாயத் திருகணும்."

"ஆளுன்னா கோமதியும் உண்டும்லா?"

"உண்டும் மாமா."

அவ்வளவு போதும் அவருக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றோடு மல்லுக்கட்டியபடி வீட்டுக்குப் போவார். பகவதிக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது. தினமும் காலையில் வந்ததும் மேசைத் திரையில் திருவோணத்தின் துடிப்பைக் காட்டும் கோட்டைப் பார்ப்பாள். கோடு மெல்ல ஏறும் நாட்களில் அம்மா சாய்க்கிறாள், இறங்கும் நாட்களில் அம்மா நிமிர்த்துகிறாள். முப்பத்தெட்டு வருசம் கழித்து அம்மா அன்றாடம் ஒரு வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருந்தது. பதினேழு வருசம் பழைய வெளிச்சம்தான். பழையதானால் என்ன, அம்மாவுடையது.

இப்படி இருக்கும்போதுதான் இயக்குநர் செல்வின்ராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

செல்வின்ராஜ் அதிகம் பேசாத மனுசர். அன்றைக்கு அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ரெண்டாவது கப்பலுக்கு ஆள் எடுத்தாச்சு. அறுபது பேர். தெரியும்லா?"

"தெரியும் சார். ஷைனியும் போறாளாமே."

ஷைனி அவருடைய ஒரே மகள். அவர் தலையை ஆட்டினார். "அந்தக் கப்பல் அங்க போய் எப்படி நிக்கும்?"

"அங்க உள்ளவங்க பாயத் திருப்பிப் பிடிப்பாங்க. வெளிச்சம் எதுத்தாப்புல தள்ளி, கப்பல் வேகம் குறைஞ்சு நிக்கும்."

"அங்க யாரும் இல்லன்னா?"

பகவதிக்குத் தெரியும். யாரும் இல்லாவிட்டால் கப்பல் நிற்காது. திருவோணத்தைத் தாண்டி இருட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அறுபது பேரோடு.

"இந்தப் பாய் யோசனை வந்த காலத்துல, துடிக்கிற நட்சத்திரங்கள்ல இப்படி ஆட்டம் ரொம்ப அபூர்வம்னு நெனச்சாங்க. ஏன் நெனச்சாங்க?"

"அவங்க பாத்த நட்சத்திரங்கள்ல அபூர்வமாத்தான் இருந்தது."

"அவங்க கருவி எப்படிப்பட்டது?"

"மங்கல்" என்றாள் பகவதி. சொன்ன பிறகுதான் அவர் எங்கே வருகிறார் என்று புரிந்தது.

"நம்ம புதுத் தொலைநோக்கிக் கண்ண மேல அனுப்பினதே கப்பல் சேர்ற சேதியப் பாக்கத்தான். கண்ணத் தொறந்த நாள்ல இருந்தே திருவோணம் ஆடிக்கிட்டு இருந்துது. எல்லாரும் பாயசம் வச்சோம். அதுக்கு முன்னால அது ஆடலன்னு யாருக்குத் தெரியும்? பொறந்ததுல இருந்தே ஆடுதோ என்னவோ." அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார். "இந்த ஜாதி நட்சத்திரங்கள்ல எத்தன பங்கு தானாவே ஆடுதுன்னு எண்ணிச் சொல்லணும், பகவதி. ஆயிரத்துல ஒண்ணுன்னா, திருவோணத்த ஆட்டுறது நம்ம ஆளுங்கதான். கப்பல் போகட்டும். ரெண்டுல ஒண்ணுன்னா…"

"ஏன் சார் நான்? வேற ஆளே இல்லையா?"

"நான் எண்ணினா எல்லா நட்சத்திரமும் ஆடுறதாத்தான் என் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையப் பெத்தவன். உங்களுக்கு ஒண்ணுகூட ஆடக்கூடாது. உங்க வாயில இருந்து 'ஆடுது'ன்னு வந்தா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"நல்ல ஆளப் பாத்துதான் பிடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் என்று நினைத்தாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

எண்ண ஆரம்பித்தாள். முதலில் நல்ல பிரகாசமான விண்மீன்களை எடுத்தாள். பத்தில் இரண்டு ஆடின. பரவாயில்லை என்று மூச்சு விட்டாள். அடுத்து, புதுக்கண்ணின் நடுக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாள். முன்பு சும்மா நின்றவற்றில் சில ஆடத் தொடங்கின. கருவியின் சூடு குளிரைக் கழித்துப் பார்த்தாள், இன்னும் சில. சுத்தம் செய்யச் செய்ய ஆட்டம் கூடிக்கொண்டே போனது. அடப் பாவமே, எந்த ஊரிலாவது கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அழுக்கு கூடுமா? கூடியது. எத்தனை கவனமாகப் பார்க்கிறாளோ அத்தனை விண்மீன்கள் ஆடின. யாரும் போகாத விண்மீன்கள், எந்த அம்மாவும் இல்லாத விண்மீன்கள், தம் பாட்டுக்குத் துடிப்பைப் பெருக்கிச் சிறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் மதியம் அவள் ஒரு காரியம் செய்தாள். சின்னச் சின்ன ஆட்டத்தையெல்லாம் ஆட்டமே இல்லை என்று தள்ளி, எல்லைக் கோட்டைக் கொஞ்சம் மேலே போட்டாள். எண்ணிக்கை சடாரென்று விழுந்து நூற்றில் ஒன்றுக்கு வந்தது. அப்பாடா! அதைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்து சோறும் தீயலும் சாப்பிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. கை கழுவிவிட்டு வந்து திருவோணத்தைத் தேடினால் காணவில்லை. அதன் ஆட்டமும் சின்ன ஆட்டம்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. மற்றவர்களை வெளியே தள்ள வேண்டுமானால் அம்மாவையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும். பழைய இடத்திலேயே கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள்.

முடிவை அவளே குடியிருப்பு மக்களிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கல்யாண மண்டபத்தில் கூட்டினார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"பாதிக்கு மேல ஆடுது" என்றாள். "திருவோணத்த நம்ம ஆளுங்க ஆட்டலாம். அது தானாவும் ஆடலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல ஒரு வழியும் இல்ல. வழி இருக்கான்னு நானும் முட்டி மோதிப் பாத்துட்டேன்."

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஒனக்க அம்மைக்கு நீயே கொள்ளி வைக்கியாடீ?"

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். செல்வின்ராஜ் எழுந்து குறுக்கே வந்து நின்றார். தங்கப்பழம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவர் நிலையத்து வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கதை கேட்க ஆளில்லாமல் போனபோதுதான், அந்தக் கதையைச் சொல்வது தனக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

மாசங்கள் போயின. இரண்டாவது கப்பலை நிறுத்தினார்கள். ஷைனி அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு, போன நாற்பது பேரும் இறந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று அரசாங்கமும் அறிவித்துவிட்டது. அடுத்த ஆடி அமாவாசைக்கு அவர்களுக்கும் வாவுபலி, செத்தவர்களுக்கான பலிச்சோறு, போட வேண்டியதுதான் என்று குடியிருப்பில் பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். இத்தனை வருசமும் அவர்கள் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு மற்ற முன்னோர்களுக்காகப் போவார்கள். கப்பலில் போனவர்கள் பெயரை மட்டும் சொல்லாமல் திரும்பி வருவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பலிச்சோறு வைப்பது பெரிய பாவம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

பகவதியும் போட முடிவு செய்தாள். ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வேறொன்றை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எண்ணிய எண்ணிக்கைக்கு மரியாதை இல்லை என்று தோன்றியது. அது மட்டுமா? காத்திருந்து காத்திருந்து அவள் களைத்தும் போயிருந்தாள்.

ஆடி அமாவாசை அன்று முக்கடல் கரையில் நிற்க இடமில்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். மணலில் வரிசையாக உட்கார வைத்து, போத்தி மந்திரம் சொல்லச் சொல்ல, எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். பச்சரிசிச் சோற்றை உருட்டி வாழையிலையில் வைத்தபோது பகவதியின் கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. இலையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பின்பக்கமாகக் கடலில் விட்டாள். மூன்று முறை முங்கினாள். உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்ததால் அழுவதற்குத் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

ஈரச் சேலையோடு கரையேறி வந்தால், தடுப்புச் சுவரில் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மாமா, நீங்க போடலையா?"

"நான் யோசிச்சேன் மக்ளே" என்றார். வெகுநாள் கழித்து அவளோடு பேசுகிறார். "உயிரோட இருக்கவளுக்குப் பலி போட்டா பாவம். செத்தவளுக்குப் போடாம இருந்தா அவ கோவிச்சுக்கிடுவா, அவ்வளவுதானே? கோமதிக்க கோவம் எனக்குப் பழக்கந்தான். சமாதானம் பண்ணிக்கிடலாம்."

பகவதி சிரித்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது பையில் இருந்த ஃபோன் அடித்தது. செல்வின்ராஜ்.

"பகவதி, எங்க இருக்கீங்க?"

"கடற்கரையில சார்."

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சாச்சு. என்ன விஷயம்?"

"திருவோணத்துல ஆட்டம் நின்னுட்டு. நீங்க அந்தக் கோட்டப் பாக்கிறத விட்டுட்டீங்கல்லா, நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு வாரமாச்சு. கருவிக் கோளாறுன்னு நெனச்சு உங்ககிட்டச் சொல்லல. கோளாறு இல்ல. மத்ததெல்லாம் பழையபடி ஆடுது. இது மட்டும் பாதி ஆட்டத்துல, ஏறிக்கிட்டு இருந்த இடத்துலயே, அப்படியே நிக்குது."

பகவதி எழுந்து நின்றாள்.

"நீங்க எண்ணின நட்சத்திரங்கள்ல ஒண்ணாவது இப்படிப் பாதியில நின்னுருக்கா?"

"இல்ல சார்" என்றாள். "தேயும். மாசக்கணக்கா, வருசக்கணக்காத் தேயும். பாதியில ஒருநாளும் நிக்காது."

செல்வின்ராஜ், "கப்பல் போயிருந்தா பிள்ளைங்க இந்நேரம் வழியில இருந்திருக்கும். திருப்பிப் பிடிக்க அங்க ஆளு இல்ல. நீங்க எண்ணினது சரி பகவதி, நீங்க செஞ்சது சரி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

சரிதான். யார் இல்லை என்றார்கள்? தானாக ஆடும் விண்மீன் இப்படி நிற்காது. நின்றதென்றால் திருகிய கை ஒன்று இருந்தது. அத்தனை நாளும் அவள் மேசையில் ஏறி இறங்கியது அம்மாவேதான். அம்மா அங்கே போய்ச் சேர்ந்து, பாயை விரித்து, நாள் தவறாமல் போய்த் திருகி, இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அது நீயாக இருக்க வேண்டியதில்லை என்று மைக் பிடித்து ஊருக்குச் சொன்னவள் மகள். கை இருந்தது என்று தெரிவதற்குக் கை நிற்க வேண்டியிருந்தது.

"என்ன மக்ளே? யாரு?"

அவள் மணலில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கப்பழம் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முடிந்ததும், "அப்போ, இதுவர ஆட்டினது நம்ம ஆளுவதான்?" என்றார்.

"நம்ம ஆளுங்கதான் மாமா. சத்தியமா."

"நான் சொன்னேம்லா!" என்று தொடையில் ஓங்கித் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்க கோமதி போய்ச் சேந்துட்டா. சொன்னேம்லா! ஒரு பயலும் நம்பலியே!" முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆனா நின்னு போச்சே மாமா. ஏன் நின்னுது?"

அவர் அவளுடைய ஈரத்தலையில் கையை வைத்தார். "கை கடுத்திருக்கும் பிள்ளே. தினமும் திருகுகதுன்னா சும்மாவா? ஒரு நாலு நாளு ஓய்வு எடுப்பாவ. பொறகு திரும்பத் திருகுவாவ. நீ பாத்துக்கிட்டே இரு, என்னா?"

"அப்பிடியா மாமா?"

"பொறகு என்ன? ஒனக்க அம்மையாக்கும். விடுவாளா?"

பகவதி தலையை ஆட்டினாள். நாற்பத்தைந்து வயதுப் பெண், படித்தவள், எண்ணிப் பார்த்தவள், அப்படியே நம்பினாள். கை கடுத்திருக்கும். நாளைக்கே ஆரல்வாய்மொழிக்குப் போய்க் கோட்டைப் பார்க்க வேண்டும். கடலில் விட்ட சோற்றை எப்படித் திரும்ப வாங்குவது என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

தங்கப்பழம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சட்டையையும் கழற்றி மடித்து அவள் மடியில் வைத்தார்.

"இத வச்சுக்கிட்டு இங்கேயே இரு. இப்ப வந்திருகேன்" என்றார்.

குளிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மணலில் போத்திக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழையிலை ஒன்றை வாங்கித் தன் முன்னால் விரித்தார்.